பழைய எஞ்சினின் தாளம்

காலம் அறிந்து செய்யும் சிறுசெயல், காலம் தவறிச் செய்யும் பெருமுயற்சியை வெல்லும். மலைநாட்டு மக்களுக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கொழுந்து கிள்ளும் பருவம் சில நாள் பிந்தினால் இலை முற்றிவிடுகிறது. தொழிற்சாலையிலே உருட்டிய இலை பதம் தாண்டிப் புளித்துவிட்டால் தேயிலையின் நிறமும் மணமும் கெடுகின்றன. இலையும் அதுவே, இயந்திரமும் அதுவே, உழைப்பும் அதுவே. தவறியது வேளை ஒன்றுதான்.

மோட்டார் சைக்கிளின் எஞ்சினும் இந்த நியதிக்கு உட்பட்டதே. பெற்றோல் இருக்கிறது; பொறி வருகிறது; காற்றுக்கும் தடையில்லை; உறுப்புக்கள் யாவும் முழுமையாக உள்ளன. ஆயினும் வண்டி மேட்டில் ஏற மறுக்கிறது. அவ்வாறாயின், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு தன் வேளையைத் தவறவிட்டிருக்கலாம். கராஜ்களில் இதனை ‘டைமிங் தவறிவிட்டது’ என்று சொல்லுவார்கள். அந்தத் தவற்றைக் கண்டறிவது எவ்வாறு, திருத்துவது எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருள்.

மஸ்கெலியாவை அறிந்தவர்களுக்கு இப்பொருள் சிறியதாகத் தோன்றாது. 1969ஆம் ஆண்டில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய நகரம் நீருக்குள் சென்றது. மக்கள் மேட்டில் புதிய நகரத்தை அமைத்துக்கொண்டார்கள். கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்களின் சிதைவுகள் இன்றும் தலைகாட்டுகின்றன. அந்த நீர்ப்பரப்பைச் சுற்றிச் சுற்றி ஏறியும் இறங்கியும் செல்வனவே இப்பகுதிச் சாலைகள். நோர்வூட்டுக்கும், சாமிமலைக்கும், சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணிக்கும் செல்லும் வழிகளில் சமதரை என்பது அருமை. பிரதான வீதியிலிருந்து லயங்களுக்குப் பிரியும் தோட்டப் பாதைகளோ இன்னும் செங்குத்தானவை. பஸ் செல்லாத அப்பாதைகளில் மரக்கறி மூட்டையும், பால் பாத்திரமும், பள்ளிக்குச் செல்லும் ஆசிரியரும், நள்ளிரவில் மருத்துவரை நாடும் நோயாளியும் பயணம் செய்வது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளிலேதான். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குச் செல்லும் வழியில் இடைநடுவே எஞ்சின் சோர்ந்துவிட்டால், அதனால் நேரும் தீங்கு பணத்தால் அளக்கக்கூடியதன்று.

இவ்வண்டிகளுட் பல பழையவை. நாட்டின் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில் பழைய வண்டியைப் பேணுவதையன்றி எளிய குடும்பங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், தேவையில்லாத ஒரு பழுதுபார்ப்பு எத்தனை நாளுழைப்பை விழுங்கிவிடும் என்பது விளங்கும். டைமிங்கில் ஒரு பல் தவறியிருக்க, பிஸ்டனையும் வளையங்களையும் மாற்றிச் சிலிண்டரையும் கடைந்து தரும் வைத்தியம் அத்தகையதே. பணம் போய்விடும், நோயோ போகாது.

நோயை அறியுமுன் உடலை அறிதல் வேண்டும். இவ்வகை எஞ்சின் நான்கு வீச்சுக்களில் இயங்குகிறது. முதல் வீச்சில் பிஸ்டன் கீழிறங்க, உள்வாங்கும் வால்வு திறந்து, பெற்றோல் கலந்த காற்று சிலிண்டரினுள் புகுகிறது. இரண்டாவதில் இரு வால்வுகளும் மூடியிருக்க, பிஸ்டன் மேலேறி அக்கலவையை நெருக்குகிறது. நெருங்கிய கலவையில் பொறி விழுந்ததும் அது எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மூன்றாவதாகிய இவ்வீச்சே வண்டியை ஓட்டுவது. நான்காவதில் புகைவால்வு திறக்க, எரிந்த வாயு சைலன்சர் வழியாக வெளியேறுகிறது.

இந்நான்கு வீச்சுக்கும் கிராங்குத் தண்டு இருமுறை சுழல்கிறது. ஆனால் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறைதான் திறத்தல் வேண்டும். ஆகையால் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு கிராங்கின் பாதி வேகத்திலேயே சுழல்கிறது. கிராங்கில் உள்ள பற்சக்கரத்தைப் போல் இரு மடங்கு பற்களைக் கேம் தண்டின் சக்கரத்துக்கு வைத்திருப்பதன் காரணம் இதுவே. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் ஒரு வினாடியில் ஐம்பது முறை திறந்து மூடுகிறது. தப்படிக்கும் கலைஞரின் இரு கைகளும் தம்முள் இணைந்து தாளம் காப்பதைப் போல, இவ்விரு தண்டுகளும் இணைந்து தாளம் காக்கின்றன. ஒரு கை சற்றே பிந்தினாலும் ஆட்டம் கலைந்துவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிஸ்டன் உச்சியை அடைந்த பிறகுதான் உள்வாங்கும் வால்வு திறக்கும் என்றும், அடியை அடைந்ததும் அது மூடிவிடும் என்றும் எண்ணத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. காற்றுக்கும் நிறை உண்டு. அஃது அசையத் தொடங்கவும் நிற்கவும் சிறிது நேரம் வேண்டும். ஆதலால் உள்வாங்கும் வால்வு உச்சிக்குச் சற்று முன்பே திறந்து, அடியைக் கடந்து சற்றுப் பின்பே மூடுகிறது. புகைவால்வும் அடிக்கு முன்பே திறந்து, உச்சியைக் கடந்த பின்னரே மூடுகிறது. எனவே, புகை வெளியேறி முடியும் வேளையில், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது, இரு வால்வுகளும் சிறிதளவு திறந்தே இருக்கின்றன. ஒன்று மூடிக்கொண்டிருக்கிறது, மற்றது திறந்துகொண்டிருக்கிறது. இந்தச் சந்திப்பை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நோயைக் காட்டிக்கொடுக்கும் நாடி இங்கேதான் இருக்கிறது.

மலைநாட்டில் காணப்படும் பழைய எஞ்சின்களில் கேம் தண்டு இரண்டு இடங்களில் அமைந்திருக்கக் காணலாம். ஒன்று, கிராங்கின் அருகே, கீழே. அங்கிருந்து தள்ளுகோல்கள் மேலே சென்று வால்வுகளை அசைக்கும். முற்காலத்துப் பிரித்தானிய வண்டிகள் பலவும் இவ்வகையின. இவற்றுள் நம்மவர்க்கு நெருக்கமானது ராயல் என்பீல்டு புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த அவ்வண்டிக்கு 1955ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு கூட்டு நிறுவனம் தோன்றியது; திருவொற்றியூர் ஆலை அதனைத் தமிழ் மண்ணின் வண்டியாகவே ஆக்கிவிட்டது. தாயகத்தில் அதன் உற்பத்தி நின்ற பின்னரும் சென்னையில் நிற்கவில்லை. 1977இல் இங்கிலாந்துக்கே திரும்ப ஏற்றுமதியும் ஆயிற்று. அதன் எஞ்சினில் உள்வாங்கும் வால்வுக்கு ஒரு கேமும் புகைவால்வுக்கு ஒரு கேமுமாக இரண்டு உண்டு. அவற்றைப் பற்சக்கரங்கள் நேரே சுழற்றுகின்றன.

மற்றொரு வகையில் கேம் தண்டு சிலிண்டரின் தலையிலேயே அமைந்திருக்கும். நீண்ட மெல்லிய சங்கிலி ஒன்று அதனைச் சுழற்றும். 1958இல் வெளிவந்த ஹொண்டா சூப்பர் கப் முதலில் தள்ளுகோல் உடையதாகவே இருந்தது. 1960களின் நடுப்பகுதியில் அக்குடும்பத்து வண்டிகள் தலைக்கேம் எஞ்சினுக்கு மாறின. 2017ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பத்துக் கோடி வண்டிகளைக் கடந்த குடும்பம் அது. இலங்கையின் மலைப்பாதைகளிலும் அதன் கிளைகளைக் காணலாம்.

தலைக்கேம் எஞ்சின் வேகத்துக்கு ஏற்றது. ஆனால் எண்ணெய் விடயத்தில் பொறுமையற்றது. எண்ணெய் கடைசியாகச் சென்று சேரும் உயரத்தில் கேம் இருப்பதால், எண்ணெய் குறைந்தாலும் கறுத்துத் தடித்தாலும் முதலில் வருந்துவது அதுவே. வளர்முக நாடுகளில் மக்கள் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாமலே வண்டி ஓட்டுவதைக் கண்ட ஹொண்டா நிறுவனத்தார், அவர்களுக்கென்றே 1970களின் நடுப்பகுதியில் சி.ஜி. 125 என்னும் எஞ்சினை உருவாக்கி, கேமை மீண்டும் கீழே கொண்டுவந்து தள்ளுகோல் அமைத்தார்கள். பெரிய தொழிலறிஞர்களே ஏழையின் எண்ணெய்க் கலனை நினைத்து எஞ்சினை மாற்றினார்கள் என்பது எண்ணத்தக்கது.

இனி நோய்க்கு வருவோம். நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்து, அதன் பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்று வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்த முறை எஞ்சினுக்கும் பொருந்தும். ஸ்பனரை எடுப்பதற்கு முன் வினாக்களை எழுப்ப வேண்டும். இக்குறை திடீரென வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா? எஞ்சினை யாரேனும் அண்மையில் பிரித்தார்களா? பிரித்துப் பூட்டிய மறுநாளே சோர்வு தொடங்கியதாயின், பூட்டும்போது ஒரு பல் தவறியிருக்கலாம். பல மாதங்களாகச் சிறிது சிறிதாக இழுவை குறைந்து, எஞ்சின் பக்கத்தில் சங்கிலி உரசும் ஓசையும் எழுந்ததாயின், சங்கிலி தேய்ந்து நீண்டிருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘படார்’ என்ற ஓசையுடன் நின்று, பிறகு உதைத்தும் கிளம்பாததாயின், சங்கிலி பல் தாண்டியிருக்கலாம்; வால்வும் வளைந்திருக்கலாம். மூன்றாவது நிலையில் மேலும் மேலும் உதைப்பது நோயாளியை எழுந்து ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

மலைக்குரிய மயக்கம் ஒன்றையும் இங்கே நீக்க வேண்டும். ஹட்டனைச் சூழ்ந்த மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1200 மீற்றர் உயரமுடையது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதைவிட எட்டில் ஒரு பங்களவு குறைவு. சிலிண்டரினுள் புகும் காற்றும் அவ்வளவு குறைவதால், எந்த எஞ்சினும் மலையில் சிறிது வலிமை இழக்கும். கடற்கரைக்கு அமைத்த காபரேட்டராயின் பெற்றோல் மிகுந்து பிளக் கறுக்கும். இது நோயன்று, இடத்தின் இயல்பு. ஆனால் இவ்வியல்பு நேற்றும் இருந்தது, முந்தாநாளும் இருந்தது. சென்ற ஆண்டு மூன்றாம் கியரில் ஏறிய அதே மேடு, அதே சுமைக்கு, இவ்வாண்டு இரண்டாம் கியரைக் கேட்குமாயின் பழியை மலையின்மேற் போடுவதற்கில்லை.

டைமிங் தவறிய எஞ்சின் காட்டும் குறிகள் வேறு பல குறைகளின் குறிகளோடு கலந்தே வரும். உதைத்தால் எளிதில் கிளம்பாமை, காபரேட்டர் வழியே எதிர்த்துத் தும்முதல், சைலன்சரில் வெடித்தல், மிகுந்த சூடு, இழுவைக் குறைவு ஆகியன பொதுக் குறிகள். கேம் பிந்தினால் உள்வாங்கும் வால்வு மிகத் தாமதமாக மூடுகிறது. மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியைக் காபரேட்டருக்கே திருப்பித் தள்ளிவிடுகிறது. அதனால் கீழ் வேகத்தில் எஞ்சின் சோர்ந்து, மேல் வேகத்தில் ஓரளவு தேறும். கேம் முந்தினாலோ, கீழ் வேகத்தில் இழுக்கும் எஞ்சின் மேல் வேகத்தில் மூச்சு முட்டும். தேய்ந்து நீண்ட சங்கிலி கேமைப் பின்தங்கவே செய்யும் என்பதால், மலைப்பாதையில் முதலில் உணரப்படுவது கீழ் வேகத்துச் சோர்வே.

ஆயினும் இக்குறிகளை மட்டும் நம்பி எஞ்சினைத் திறந்துவிடுதல் ஆகாது. முதலில் எளியவற்றை விலக்க வேண்டும். பெற்றோல் தடையின்றி வருகிறதா? காற்று வடிகட்டி தூசியாலோ மழைநீராலோ அடைபட்டுள்ளதா? பிளக் நல்ல பொறி தருகிறதா? பாயின்ட் இடைவெளி சரியா? கிளச்சு வழுக்குகிறதா? பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா? இவை யாவும் சரியென்று கண்டபின், நெருக்கத்தைச் சோதிக்க வேண்டும். கிக்கரை மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் நல்ல எதிர்ப்பு இருத்தல் வேண்டும். எதிர்ப்புக் குறைந்தால் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை ஊற்றி, இரண்டு மூன்று முறை சுழற்றிவிட்டு, மீண்டும் பிளக்கைப் பூட்டிப் பார்க்கலாம். எதிர்ப்பு உயர்ந்தால் வளையமும் சிலிண்டரும் தேய்ந்துள்ளன. உயராவிட்டால் வால்வு ஒழுகுகிறது, அல்லது அது தன் வேளைக்கு மூடவில்லை. சிலிண்டரைக் கடைவதா வேண்டாமா என்பதை ஒரு கரண்டி எண்ணெய் இவ்வாறு பெரிதும் தெளிவாக்கிவிடுகிறது.

இனி டைமிங்கைப் பார்க்கும் முறை. எஞ்சின் குளிர்ந்திருத்தல் வேண்டும். வால்வு இடைவெளி முதலில் சரியாக இருத்தல் வேண்டும். இடைவெளி மாறினால் வால்வு திறக்கும் வேளையும் மாறும். ஹொண்டா கப் வகைக்கு அவ்விடைவெளி 0.05 மில்லிமீற்றர். பழைய இரும்புச் சிலிண்டர் புல்லட்டில், வால்வுகள் மூடியிருக்கும் நிலையில், தள்ளுகோல் விரல்களுக்கிடையே தடையின்றிச் சுழலவும் வேண்டும், மேலுங்கீழும் ஆடாமலும் இருத்தல் வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டால் எஞ்சின் இலகுவாகச் சுழலும். எப்பொழுதும் அஃது இயல்பாக ஓடும் திசையிலேயே சுழற்ற வேண்டும். குறியைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பாமல், மீண்டும் சுற்றிக்கொண்டு வரவேண்டும். பின்னோக்கித் திருப்பினால் சங்கிலியின் தளர்வு இழுக்கும் பக்கத்துக்கு வந்து பொய்க்கணக்குக் காட்டும்.

கப் வகை எஞ்சினில், ஃபிளைவீலில் ‘டி’ என்னும் ஆங்கில எழுத்து பிஸ்டனின் உச்சியைக் குறிக்கும். அது கூட்டில் உள்ள குறிக்கு நேரே நிற்கும்போது, கேம் சக்கரத்தில் உள்ள ‘ஓ’ என்னும் குறி சிலிண்டர் தலையில் வெட்டியுள்ள பள்ளத்துக்கு நேரே நிற்றல் வேண்டும். ‘எஃப்’ என்னும் வேறோர் எழுத்தும் ஃபிளைவீலில் உண்டு. அது பொறி விழும் வேளையைக் குறிப்பது. இரண்டையும் மயங்கி, ‘எஃப்’ குறியில் நிறுத்தி டைமிங் பூட்டுவோரும் உளர். ‘டி’ நேராக இருக்க, ‘ஓ’ குறி எதிர்ப்பக்கத்தில் நின்றால் அஞ்ச வேண்டாம். கிராங்கை இன்னொரு முழுச்சுற்றுச் சுற்றினால் அது தன் இடத்துக்கு வந்துவிடும். கிராங்கு இருமுறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்றும் என்ற கணக்கு இங்கே உதவுகிறது. புல்லட்டில், பற்சக்கரங்களில் உற்பத்தியாளர் இட்ட புள்ளிகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

குறிகள் எல்லாம் சரியாக நின்றும் எஞ்சின் சோர்ந்திருந்தால் என்ன செய்வது? பழைய வண்டிகளில் குறியே பொய் சொல்வதுண்டு. ஃபிளைவீலைக் கிராங்கோடு பிணைக்கும் சிறிய சாவித்துண்டு அறுந்து ஃபிளைவீல் வழுக்கியிருந்தால், ‘டி’ எழுத்து உச்சியைக் காட்டாது. வேறொரு மாதிரியின் ஃபிளைவீலையோ கேம் சக்கரத்தையோ யாரோ பூட்டியிருந்தாலும் அவ்வாறே. ஆகவே உச்சியைப் பிஸ்டனிடமே கேட்க வேண்டும். சர்பத்துக் குடிக்கும் குழலைப் போன்ற மெல்லிய, நீண்ட, உடையாத ஒன்றைப் பிளக் துளை வழியே பிஸ்டன்மேல் நிறுத்தி, மெல்லச் சுழற்றினால் அது உயர்ந்து, நின்று, தாழும். உச்சியில் சில பாகை வரை பிஸ்டன் அசையாதது போலத் தோன்றும். அதனால் கண்மதிப்பு ஏமாற்றும். உயரும்போது குழலில் ஓர் அளவைக் குறித்து, அப்போது ஃபிளைவீலிலும் ஒரு கோடிட வேண்டும். தாழும்போது குழல் அதே அளவுக்கு வருமிடத்தில் மற்றொரு கோடிட வேண்டும். இரு கோடுகளுக்கும் நடுவே உள்ளதே மெய்யான உச்சி. வட்டத்தின் நாணுக்கு நடுப்புள்ளி காணும் பாடசாலைக் கேத்திரகணிதம் இங்கே கராஜில் உயிர்பெறுகிறது. கடதாசி அட்டையில் ஒரு வட்டம் வெட்டி, மாணவரின் பாகைமானியால் 360 பாகை குறித்து, கிராங்கு முனையில் பொருத்திக்கொண்டால் அளவு இன்னும் திருத்தமாகும்.

மெய்யான உச்சியை அறிந்தபின், முன்னர்க் கூறிய சந்திப்பைப் பார்க்க வேண்டும். புகை வெளியேறி முடியும் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, வால்வுகளை நோக்கினால், இரண்டும் ஏறத்தாழச் சமமாகச் சிறிதளவு திறந்திருத்தல் பெரும்பாலான எளிய எஞ்சின்களுக்கு இயல்பு. உள்வாங்கும் வால்வு நன்கு திறந்து, புகைவால்வு முற்றாக மூடியிருந்தால் கேம் முந்திவிட்டது. புகைவால்வு இன்னும் நன்கு திறந்திருக்க, உள்வாங்கும் வால்வு அசையவே தொடங்காதிருந்தால் கேம் பிந்திவிட்டது. இது பாகைக் கணக்குக்கு மாற்றன்று. சில எஞ்சின்களில் இரண்டும் சமமாக இராமலும் போகும். ஆயினும் ஒரு பல் தவறு இதற்குத் தப்பாது. எடுத்துக்காட்டாக, 28 பற்கள் உள்ள கேம் சக்கரத்தில் ஒரு பல் என்பது கேமில் ஏறத்தாழ 13 பாகை. கிராங்கின் கணக்கில் 26 பாகை. அவ்வளவு பெரிய தவற்றைக் கண்ணும் விரலுமே கண்டுபிடித்துவிடும். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று எந்தச் சிறு கராஜும் ஏங்க வேண்டியதில்லை.

திருத்தும் முறை நேரானது. பொறுமையே அதன் பெரும்பகுதி. தலைக்கேம் எஞ்சினில் சங்கிலியை இறுக்கும் கருவியைத் தளர்த்தி, கேம் சக்கரத்தின் ஆணிகளைக் கழற்றி, சங்கிலி உள்ளே விழுந்துவிடாதபடி ஒரு கம்பியால் கட்டிவைத்துக்கொள்ள வேண்டும். கிராங்கை ‘டி’ குறியில் அசையாமல் நிறுத்தி, சங்கிலியின் இழுக்கும் பக்கம் தளராதவாறு, கேம் சக்கரத்தைக் குறிக்கு நேராக்கிப் பூட்ட வேண்டும். இறுக்கியைச் சரிசெய்தபின், எஞ்சினைக் கையால் இரண்டு முழுச்சுற்றுக்கள் சுழற்றி, குறிகளை மீண்டும் பார்க்க வேண்டும். இடையில் ஓரிடத்தில் கடினமாகத் தடுத்தால் வலிந்து திருப்பலாகாது. வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்பது அதன் பொருள். அந்த ஒரு நொடிப் பொறுமை ஒரு வால்வின் விலையைக் காப்பாற்றும். கையால் சுழற்றிப் பாராமல் நேரே கிக்கரை உதைப்பது பெருங்குற்றம்.

இன்னொன்றும் உண்டு. சில பழைய எஞ்சின்களில், பொறியை ஆளும் பாயின்ட் கேம் தண்டின் முனையிலேயே அமைந்திருக்கும். அவற்றில் கேம் தவறினால் பொறியும் உடன் தவறும். கேமைத் திருத்தியதும் பொறியையும் மீளப் பார்த்தல் வேண்டும். பொறியை மட்டும் நகர்த்தி எஞ்சினை ஒருவாறு ஓடச்செய்வது, நோயை மூடிமறைத்து வலியை மாத்திரம் தணிப்பதாகும்.

திருத்திய குறை மீண்டும் வாராதிருக்க வேண்டுமாயின் காரணத்தை அகற்ற வேண்டும். சங்கிலி நீண்டிருந்தால் அதையும், பற்கள் கூர்த்திருந்தால் சக்கரங்களையும், ரப்பர் உருளை வெடித்திருந்தால் அதையும் ஒருங்கே மாற்றுதல் நன்று. தேய்ந்த சக்கரத்தின்மேல் போட்ட புதுச் சங்கிலி விரைவில் தானும் தேய்ந்துவிடும். கேமின் மேடு குழிவிழுந்து உயரம் குறைந்திருந்தால் எந்த டைமிங்கும் அதற்கு மருந்தாகாது. கேமையே மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய். மஸ்கெலியாவின் நீண்ட மழைக்காலத்தில் குறுகிய தூரமே ஓடி, எஞ்சின் முழுதும் சூடாகுமுன் நிறுத்தப்படும் வண்டிகளில் ஈரம் எண்ணெயோடு கலந்து, பால் கலந்தது போல நிறம் மாறும். அத்தகைய எண்ணெய் கேமைக் காக்காது. மழைக்காலத்தில் எண்ணெயை வழக்கத்தைவிட முன்னதாகவே மாற்றுவது வீண்செலவன்று.

இப்பொருளில் வண்டிக்காரருக்கும் பாஸுக்கும் ஒவ்வொரு கடமை உண்டு. வண்டிக்காரர், “எப்படியாவது ஓடவைத்துத் தாருங்கள், பாஸ்” என்று அவசரப்படுத்தாமல், குறை எப்போது, எவ்வாறு தொடங்கியது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாஸ், பிரிக்குமுன் சோதித்து, கண்டதை வண்டிக்காரருக்குக் காட்டி, பின்னரே உறுப்பை மாற்ற வேண்டும். எண்ணெய்க் கரண்டியும், குழலும், பாகைமானியும் அவர்களிருவருக்குமிடையே சான்றாக நிற்கும். சான்று நின்றவிடத்தில் ஐயத்துக்கு இடமில்லை. ஐயமில்லாதவிடத்தில் தொழிலும் உறவும் நிலைக்கும்.

தோட்டத்து இளைஞர் பலர் படிப்பை இடைநிறுத்தி நகரத்துக் கடைகளுக்கும் தலைநகரத்து வீடுகளுக்கும் கூலிக்குச் செல்லும் இக்காலத்தில், கராஜ் ஒரு நல்ல பள்ளிக்கூடம் என்பதையும் சொல்ல வேண்டும். பாடசாலையில் கற்ற பாகையும் விகிதமும் அழுத்தமும் அங்கே வெறும் வினாத்தாளுக்கு உரியனவல்ல. பாதி வேகத்தில் சுழலும் ஒரு தண்டுக்கு இருமடங்கு பற்கள் ஏன் வேண்டும் என்று விளங்கிக்கொண்ட இளைஞன், பிறர் சொன்னபடி ஆணி திருப்பும் கையாளாக நெடுநாள் இருக்கமாட்டான். அவன் காரணம் கேட்பான். காரணம் கேட்பவன் தொழிலறிஞன் ஆவான். சாவித்துண்டு அறுந்து பொய்சொல்லும் குறியை நம்பாமல், பிஸ்டனையே கேட்டு உச்சியைக் கண்டறியும் பழக்கம் எஞ்சினோடு நின்றுவிடுவதுமன்று.

மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகரின் வாகனங்கள் மஸ்கெலியா வழியே இரவு பகலாக ஏறுகின்றன. அவற்றின் நடுவே மரக்கறி மூட்டையோடு ஒரு பழைய வண்டியும் ஏறிக்கொண்டிருக்கும். அதனை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. அடுத்த முறை அவ்வண்டி மேட்டில் மூச்சு வாங்கினால், சிலிண்டரைக் கடையக் கொடுக்குமுன், அதன் கேம் தண்டு வேளை தவறியதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது உரியவருக்கும் நலம், பாஸுக்கும் நலம்.